பிறஷர் வோஷரில் அமுக்கம் குறைந்தால்: தண்ணீர்த் தாங்கியிலிருந்து பம்ப் வரை படிப்படியாகத் தேடும் முறை

மாரி ஓய்ந்து தைப்பொங்கல் நெருங்கும் நாட்களில்தான் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், உயர் அமுக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் பிறஷர் வோஷரின் நினைவு வருகிறது. மூன்று மாத ஈரத்தில் மதில் கறுத்திருக்கும், சீமெந்து முற்றத்தில் பாசி வழுக்கும். ஆண்டு முழுவதும் சாக்கால் மூடிக் கிடந்த இயந்திரத்தை வெளியே எடுத்து, ஹோஸைப் பூட்டி, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தினால், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாயைவிடச் சற்றே வேகமாகத் தண்ணீர் வரும். மோட்டரோ வழக்கம்போல இரைந்துகொண்டிருக்கும். எனது இயந்திரத்துக்கு இப்படி நேர்ந்தபோது, அதைப் பார்த்த திருத்துநர் ஒருவர், "அண்ணை, பம்ப் முடிஞ்சுது, புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் லாபம்" என்றார். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் உள்ளே போகும் வாயிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பிழை முதலாவது இடத்திலேயே இருந்தது. அது என்னவென்று உரிய இடத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு, பம்பைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி ஏற்பட்டுவிட்டது. இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கிலேயே அமைகிறது.

அமுக்கம் எங்கே உண்டாகிறது

தேடத் தொடங்குமுன் ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் பாதி வேலை குறையும். பம்ப் நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று தண்ணீரைத் தள்ளுகிறது. வீட்டுப் பாவனைக்கான மின் இயந்திரங்களில் அது பெரும்பாலும் 5 முதல் 8 லீற்றர் வரை இருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் துப்பாக்கியின் முனையிலுள்ள நொசிலின் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் துளையின் வழியே போயாக வேண்டும் என்ற நெருக்கடியால்தான் 100 பார் அளவுக்கு அமுக்கம் எழுகிறது. பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு; 1 பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) ஆகும். ஆகவே அமுக்கம் குறைவதற்கு மூன்று வழிகளே உண்டு. பம்புக்குப் போதிய தண்ணீர் வராமலிருக்கலாம். வந்த தண்ணீரைப் பம்ப் முழுமையாகத் தள்ளாமலிருக்கலாம். அல்லது தள்ளிய தண்ணீருக்கு நொசிலிலோ வேறெங்கோ அகலமான வழி கிடைத்திருக்கலாம். நொசில் அடைபட்டால் நேர்வது இவற்றிலிருந்து வேறானது: உள்ளே அமுக்கம் உயர்ந்தே இருக்கும், ஆனால் வெளியே வரும் தாரை மெலிந்து, கோணலாகிச் சுவரில் வேலை செய்யாது. கையில் உணரும் வலுவும் பம்பில் உள்ள அமுக்கமும் ஒன்றல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தின் தகட்டில் இரண்டு அமுக்க அளவுகள் அச்சிடப்பட்டிருக்கலாம். பெரிய எண் உச்ச அமுக்கத்தையும், சிறிய எண் வேலை செய்யும்போது கிடைக்கும் அமுக்கத்தையும் குறிக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பி வாங்கிவிட்டு, அமுக்கம் குறைகிறது என்று முறையிடுபவர்களும் உண்டு, அது பழுதல்ல.

தொடுவதற்கு முன்

மின்செருகியைக் கழற்றுங்கள். தண்ணீரை மூடுங்கள். பிறகு துப்பாக்கியின் விசையை அழுத்தி, ஹோஸுக்குள் தேங்கியிருக்கும் அமுக்கத்தை வெளியேற்றுங்கள். எந்தப் பூட்டைக் கழற்றுவதானாலும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் செய்ய வேண்டும். 100 பாரில் நொசிலை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர்; அது தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடியது. அப்படிப்பட்ட காயம் வெளியே ஊசி குத்தியதுபோலச் சிறிதாகத் தோன்றினாலும், உள்ளே தசைக்குக் கேடு பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு காட்போட் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும். இயந்திரம் இணைக்கப்படும் மின்சுற்றில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈர முற்றத்தில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்வது எங்களுக்கு வழக்கமாகிப் போன பழக்கம்.

முதலாவது படி: இயந்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்

ஒரு நிமிடம் ஓடவிட்டு, தாரை எப்படி வருகிறது என்பதையும் மோட்டரின் ஓசை எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். தாரை ஒழுங்கின்றித் துப்பித் துப்பி வந்தால் காற்று கலந்திருக்கிறது. தாரை ஒரே தாளத்தில் விரைவாகத் துடித்து, ஹோஸும் கையில் அதே தாளத்தில் அதிர்ந்தால், பம்பின் உள்ளே உள்ள வால்வுகளில் ஒன்று சரியாக மூடவில்லை. பொதுவாக இத்தகைய பம்பில் மூன்று பிஸ்டன்கள் உண்டு. அவற்றில் ஒன்று வேலை செய்யாதபோது இந்தத் துடிப்பு வரும். தொடக்கத்தில் வலுவாக இருந்து சில நிமிடங்களில் தளர்ந்தால், முதலில் தண்ணீர் வரத்தைச் சந்தேகியுங்கள். துப்பாக்கியை மூடி வைத்திருக்கும்போதும் சில விநாடிகளுக்கு ஒருமுறை மோட்டர் தானாக ஓடி நின்றால், எங்கோ கசிகிறது. மோட்டர் ஓடாமல் உறுமிக்கொண்டு நின்றால் அது மின்சாரம் சார்ந்த பிழை. உடனே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது படி: தண்ணீர் வரத்து

யாழ்ப்பாணத்தில் இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது எனது கருத்து. இயந்திரத்தின் கையேடு நகரக் குழாய்நீரை மனதில் வைத்து எழுதப்பட்டது; எங்கள் வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறி, அங்கிருந்து தன் பாரத்தால் இறங்கி வருகிறது. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அமுக்கமே கிடைக்கும் என்பதால், 5 மீற்றர் உயரத்தில் நிற்கும் தாங்கி தருவது அரை பார் மட்டுமே. அதற்கு மேல் அரை அங்குல ஹோஸை 30 மீற்றர் இழுத்து மதிலின் மறுகோடிக்குக் கொண்டுபோனால், வழியிலேயே பெரும்பங்கு இழக்கப்படும்.

இதை அளப்பதற்கு ஒரு வாளியும் கைத்தொலைபேசியும் போதும். இயந்திரத்தில் பூட்டும் அதே ஹோஸின் முனையை, இயந்திரம் நிற்கும் அதே இடத்தில், 10 லீற்றர் வாளிக்குள் விட்டு நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வாளி நிரம்பினால், நிமிடத்துக்கு 6 லீற்றர் கேட்கும் இயந்திரத்துக்கு அது தாராளமாகப் போதும். ஒன்றரை நிமிடம் பிடித்தால் அது விளிம்பில் நிற்கிறது. இரண்டு நிமிடமானால் பம்ப் பட்டினி கிடக்கிறது. அப்போது பம்பைத் திருத்தப் போவதில் பொருளில்லை. இன்னோர் அடையாளமும் உண்டு: விசையை அழுத்தியதும் மெல்லிய பச்சை ஹோஸ் நாக்குப்போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டால், பம்ப் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அந்த ஹோஸே சொல்லிவிடுகிறது.

வரத்து போதாவிட்டால், ஹோஸைச் சுருக்குங்கள் அல்லது முக்கால் அங்குல ஹோஸுக்கு மாறுங்கள். தானே தண்ணீரை உறிஞ்சக்கூடியது என்று கையேட்டில் கூறப்பட்ட இயந்திரமானால், பெரிய பரல் ஒன்றை நிரப்பி, இயந்திரத்தின் மட்டத்துக்கு மேலாகக் கல்லடுக்கி வைத்து, அதிலிருந்து எடுக்கலாம். உறிஞ்சும் ஹோஸ் தடித்த சுவர் உடையதாகவும், தொடங்கும்போது முற்றாக நீர் நிரம்பியதாகவும் இருக்க வேண்டும். கிணற்றுக்குள் ஹோஸை இறக்கி நேரடியாக உறிஞ்சவைக்க முயல வேண்டாம். அந்த ஆழத்திலிருந்து இழுப்பதற்காக இந்தப் பம்ப் செய்யப்படவில்லை. கிணற்று மோட்டரை நேரடியாக இணைக்க விரும்புபவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். மோட்டர் தரும் அமுக்கம், கையேட்டில் உள்வாய்க்குக் குறிக்கப்பட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது. துப்பாக்கியை மூடும் நேரத்தில் மோட்டர் தள்ளும் தண்ணீர் திரும்பிப் போவதற்குக் கிளைக்குழாய் ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் கிணற்று மோட்டர் சூடேறிப் பழுதாகும். கோடையில் கிணற்று மட்டம் இறங்கி, மோட்டர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கத் தொடங்கினால், அந்தக் குமிழ்கள் நேரே இயந்திரத்துக்குள் வந்துசேரும். தாரை துப்பித் துப்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, எனது இயந்திரத்தின் பிழை இருந்த இடம். ஹோஸ் பூட்டும் வாயிலுக்குள் விரல்நுனி அளவுள்ள சிறு சல்லடை ஒன்று உண்டு. பலர் அதைப் பார்த்ததே இல்லை. அதன் நடுவில் ஒரு சிறு வால் நீட்டிக்கொண்டிருக்கும். மூக்குக் குறடால் அதைப் பிடித்து நேராக இழுத்தால் வெளியே வந்துவிடும். எனது சல்லடையில் வலை என்று ஒன்று தெரியவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணும் தாங்கியின் அடியில் வளர்ந்த பாசியும் சேர்ந்து, காய்ந்த மருதாணிபோல அதன் மேல் அப்பியிருந்தன. விரல் நகத்தால் சுரண்டியபோது அது தோலாக உரிந்து வந்தது. பழைய பல் தூரிகையால் தேய்த்து, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிப் பூட்டியதும் இயந்திரம் பழைய வலுவோடு இயங்கியது. புதிய பம்ப் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சல்லடை கிழிந்திருந்தால் அதை எறிந்துவிட்டு வெறும் வாயோடு ஓடவிடாதீர்கள். மணல் உள்ளே போனால் அடுத்துத் தேய்வது பம்பில் தண்ணீர் கசியாமல் காக்கும் சீல்கள். தாங்கித் தண்ணீரைப் பயன்படுத்துபவர்கள் இயந்திரத்துக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் போன்ற வெளி பில்டர் ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்லது; அழுக்கு சேர்வது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது படி: காற்றை வெளியேற்றுதல்

மோட்டரை இயக்காமல், நொசிலைக் கழற்றிவிட்டு, தண்ணீரைத் திறந்து, துப்பாக்கியின் விசையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். குமிழின்றி ஒழுங்காகத் தண்ணீர் வந்த பிறகே மோட்டரைப் போடுங்கள். மீண்டும் மீண்டும் காற்று சேர்ந்தால், உள்வாய்ப் பூட்டிலுள்ள றப்பர் வோஷரையும் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள். தண்ணீர் வெளியே கசியாத இடத்திலும், பம்ப் இழுக்கும்போது காற்று உள்ளே புகக்கூடும். அந்த வோஷர் சில ரூபாய்தான். பெயரில் மட்டும் இயந்திரத்துக்கு நிகரானது.

நான்காவது படி: நொசில்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். ஆகவே பல இடங்களில் கிணற்று நீர் வன்னீராக இருக்கும். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, ஆண்டு முழுவதும் ஓடாமல் கிடக்கும் இயந்திரத்துக்குள்ளும் காய்ந்து, முதல் ஓட்டத்தில் செதிலாக உடைந்து, நேரே நொசில் துளையில் வந்து நிற்கும். நொசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழுவட்டமாகவோ ஒழுங்கான நீள்வட்டமாகவோ தெரிய வேண்டும். இயந்திரத்தோடு தந்த மெல்லிய ஊசியால், அல்லது துளையைவிட மெல்லிய கம்பியால், முன்பக்கத்திலிருந்து தள்ளி, பின்னர் முன்பக்கமிருந்தே தண்ணீர் பாய்ச்சிச் செதிலை வந்த வழியே வெளியேற்றுங்கள். தையல் ஊசியைத் திணித்துச் சுழற்றினால் துளை அகலும்; அந்தத் தவறைத் திருத்த முடியாது.

துளை அகலுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஒரு கணக்கு. துளையின் விட்டம் 5 சதவீதம் பெருத்தால் பரப்பு ஏறத்தாழ 10 சதவீதம் பெருகும். அதே தண்ணீர் அந்தத் துளையால் போகும்போது அமுக்கம் ஏறத்தாழ 18 சதவீதம் விழும். அதாவது 1 மில்லிமீற்றர் துளையில் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு தேய்ந்தாலே 100 பார் 82 ஆகிவிடுகிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அதே இலக்கமுள்ள புதிய நொசில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. இயந்திரத்தின் பாய்ச்சலுக்குப் பொருந்தாத பெரிய நொசிலைக் கடையில் தந்துவிட்டால் புதிதாக இருந்தாலும் அமுக்கம் எழாது.

இன்னுமொன்று: நிறத்தால் வேறுபடுத்தப்பட்ட நொசில்களில் கறுப்பு சவர்க்காரத்துக்குரியது; அதன் துளை அகலமானது, அதில் அமுக்கம் வராமலிருப்பதே முறை. முறுக்கிச் சரிசெய்யும் நொசிலிலும் தாழ் நிலை ஒன்று உண்டு. அதில் நின்றுகொண்டே இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கியவர் ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே இருப்பவர்தான்.

ஐந்தாவது படி: ஹோஸும் துப்பாக்கியும்

உயர் அமுக்க ஹோஸை நீளமாக விரித்து, மடிப்பு, வீக்கம், கம்பி தெரியும் இடம் என்பவற்றைத் தேடுங்கள். வீங்கிய ஹோஸை ஒட்டியோ சுற்றிக் கட்டியோ பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். பூட்டுகளில் துளித்துளியாகக் கசிந்தால், உள்ளிருக்கும் றப்பர் வளையமான ஓ-றிங் கெட்டிருக்கிறது. பழைய ஓ-றிங்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், விட்டத்தோடு தடிப்பையும் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பூட்டும்போது சிலிக்கன் கிறீஸ் சிறிது தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், வாகனக் கிறீஸ் சில வகை றப்பரை ஊதச்செய்யும்.

துப்பாக்கியை மூடியும் மோட்டர் விட்டுவிட்டு ஓடும் பிழைக்கு, வெளியே கசிவு ஏதும் தெரியாவிட்டால், பம்பின் வெளிவாயிலுள்ள திரும்பாத வால்வில் அழுக்கு சிக்கியிருக்கக்கூடும்.

ஆறாவது படி: மின்சாரம்

பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்கு அமுக்கம், மின்னுக்கு அழுத்தம் என்று வேறுபடுத்திப் படித்தோம். இந்த இயந்திரத்தில் இரண்டாவது குறைந்தால் முதலாவதும் குறையக்கூடும். 1800 வாற்று மோட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 அம்பியர் எடுக்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 மீற்றர் நீட்டினால் ஏறத்தாழ 11 வோல்ட் வயரிலேயே இழக்கப்படும், 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு அதில் பாதி. மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்ட் தாழ்ந்திருக்கும் இடங்களில் இது மோட்டரைத் திணறவைக்கும். சுருள் வயரை முழுவதும் விரித்தே பயன்படுத்துங்கள். சுருண்டபடியே பாரம் ஏற்றினால் உருகும். மோட்டர் உறுமி நின்றால் கபாசிற்றரையோ காபன் பிரஷ்ஷையோ மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கபாசிற்றர் செருகியைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடியது.

ஏழாவது படி: பம்பின் தலை

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். முடிந்தால் முதலில் 250 பார் வரை காட்டும் அமுக்கமானி ஒன்றைப் பம்புக்கும் ஹோஸுக்கும் இடையில் பூட்டிப் பாருங்கள். மானி உயர்வாகக் காட்டித் தாரை மெலிந்திருந்தால், அடைப்பு மானிக்குப் பின்னால் ஹோஸிலோ துப்பாக்கியிலோ நொசிலிலோ இருக்கிறது. தண்ணீர் வரத்தும் நொசிலும் சரியாக இருந்தும் மானி தாழ்வாகக் காட்டினால், பம்பே காரணம்.

பம்புக்குள் முதலில் பார்க்க வேண்டியது பைபாஸ் வால்வு. துப்பாக்கியை மூடும்போது தண்ணீரைத் திருப்பி விடுவது அதன் வேலை. படிவு ஏறி அரைத்திறப்பில் சிக்கிக்கொண்டால், துப்பாக்கி திறந்திருக்கும்போதும் தண்ணீரில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றி, ஸ்பிறிங்கையும் தண்டையும் துடைத்து, ஓ-றிங்கைப் பார்த்துப் பூட்டுங்கள். அதில் சரிசெய்யும் திருகு இருந்தால், எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டே திருப்புங்கள். அமுக்கம் கூடட்டும் என்று இறுக்கிக்கொண்டே போவது ஆபத்தானது.

அடுத்து உள்வால்வுகளும் வெளிவால்வுகளும். மூன்று பிஸ்டன் பம்பில் மூன்றும் மூன்றுமாக ஆறு இருக்கும். ஒவ்வொரு மூடியையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றைக் கழற்றிய ஒழுங்கில் வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். ஸ்பிறிங் ஒன்று முற்றத்து மணலில் விழுந்தால் அன்றைய வேலை அங்கே முடிந்தது. படிவு ஏறிய வால்வுகளை, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கரைசலில் அரை மணிநேரம் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். படிவு நொடியில் கரையும், அலுமினியத் தலையும் அதனோடு சேர்ந்து அரிக்கப்படும். வால்வின் இருக்கையில் கீறல் இருந்தால் கழுவியும் பயனில்லை. வால்வுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும்.

பம்பின் அடியில் தண்ணீர் சொட்டினால் பிஸ்டன் சீல்கள் தேய்ந்திருக்கின்றன. பம்பின் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் எண்ணெய் அறைக்குள் போய்விட்டது. அந்த நிலையில் ஓட்டவே கூடாது. பெற்றோல் இயந்திரங்களில் இவற்றோடு என்ஜினின் சுழற்சி வேகத்தையும், வாகனம் கழுவும் இடங்களில் உள்ள பெல்ட் பம்புகளில் பெல்ட் வழுக்குவதையும் பார்க்க வேண்டும். பெற்றோல் இயந்திரத்தைத் துப்பாக்கி மூடிய நிலையில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடவிட்டால், உள்ளே சுற்றும் தண்ணீர் சூடேறிச் சீல்களைக் கெடுக்கும்.

சீல் தொகுதியின் விலை புதிய இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், நான் திருத்துவதில்லை. தலை முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன, உதிரிப்பாகமே கிடைக்காத மலிவு இயந்திரமானால் சீல் போகும் நாளே அதன் கடைசி நாள். பித்தளைத் தலை உள்ளதற்குச் செலவு செய்யலாம்.

திருத்தி முடித்ததும் மீண்டும் வாளிச் சோதனையிலிருந்து தொடங்கி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சாக்கால் மூடுமுன் தண்ணீரை மூடி, விசையை அழுத்தியபடி மோட்டரைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். சல்லடையையும் நொசிலையும் கழுவிக் காயவிட்டு, ஒரு போத்தலில் இட்டு இயந்திரத்தின் கைபிடியிலேயே கட்டிவிடுங்கள்.